அண்ணாவிமாரை நம்பிய அடியார்



மட்டக்களப்பு நாட்டில் "அண்ணாவியார்" என்ற சொல்லைக் கேட்டவுடன் எவருக்கும் நினைவில் எழுவது கூத்துக்களரியே. மத்தளத்தை இடுப்பிற் கட்டிக்கொண்டு, ஆட்டக்காரரின் காலடி தாளத்துக்கு ஒவ்வாது போனால் ஒரு பார்வையாலே திருத்திவிடுகின்ற அந்தப் பெரியவரை வாவியின் இரு கரையிலும் வாழ்கின்ற மக்கள் நன்கறிவர். சட்டங் கொடுக்கும் நாள் தொடங்கி அரங்கேற்றம் முடியும்வரை ஊர் இளைஞர் யாவரும் அவர் சொற் கேட்டு நடப்பர். பகலில் அவர் வயலுக்குப் போவார், அல்லது தோணியேறி வலை வீசுவார். இரவில் அவரே ஆசிரியர்.

ஆசிரியர் என்பதே இச்சொல்லின் பழைய பொருளுமாகும். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் எழுத்துப் பழக்கியவரையும் நம் முன்னோர் அண்ணாவி என்றே அழைத்தனர். இலங்கையின் கத்தோலிக்க ஊர்களிலே இதே சொல் இன்னுமொரு தொண்டரைக் குறித்து வழங்கியது. குருவானவர் இல்லாத ஊரிலே மக்களைக் கூட்டிச் செபஞ் சொல்வித்து, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் கற்பித்து, இறக்குந் தறுவாயிலுள்ள குழந்தைக்கு ஞானஸ்நானங் கொடுத்து, மரித்தோரை மரியாதையாக அடக்கஞ்செய்வித்த இல்லறத்தார் ஒருவர் இருந்தார். அவரும் அண்ணாவியே. சிங்களக் கத்தோலிக்கரும் இச்சொல்லைத் தமது வழக்கிற் கொண்டனர்.

இவ்வண்ணாவிமாரின் கையிலே ஒரு திருச்சபையை ஒப்படைத்துச் சென்ற ஒருவரைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். அவர் புனித யோசேப் வாஸ். 2015ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் கொழும்புக் காலிமுகத்திடலிலே பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதரெனப் பிரகடனஞ் செய்தார். இலங்கைக்கு வாய்த்த முதற் புனிதர் அவரே.

நான் கத்தோலிக்கன் அல்லேன். சைவக் குடும்பத்திற் பிறந்தவன். ஆயினும் வாழ்நாளின் பெரும்பகுதியை அரசாங்கப் பாடசாலைகளிற் கழித்த எனக்கு, இம்மனிதருடைய வரலாற்றைப் படிக்குந்தோறும், இது சமயக் கதை மட்டுமன்று, என் தொழிலைப் பற்றிய கதையும் ஆகும் என்ற எண்ணம் வந்துகொண்டே இருக்கிறது.

யோசேப் வாஸ் 1651ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் கோவாவைச் சேர்ந்த பெனாவ்லிம் என்னும் ஊரிலே, கிறிஸ்தவம் தழுவிய கொங்கணிப் பிராமணக் குடும்பமொன்றிற் பிறந்தார். ஏப்ரல் 21 என்ற திகதியை மட்டக்களப்பிலுள்ளோர் வேறொரு காரணத்தால் மறக்கமாட்டார்கள். 2019ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறு அந்நாளிலேதான் வந்தது. எங்கள் நகரத்துச் சீயோன் தேவாலயத்திலே குண்டு வெடித்தது. ஞாயிறு பாடசாலைக்கு வந்திருந்த குழந்தைகள் பலர் மாண்டனர். அவ்விழப்பு எங்கள் பாடசாலைகள் பலவற்றின் இடாப்புகளிலும் பதிந்து கிடக்கிறது. இதற்கு மேல் அதைப் பற்றிப் பேச என்னால் இயலாது.

வாஸ் கோவாவிலே இயேசு சபையாரின் புனித பவுல் கல்லூரியிற் பயின்று, 1676இல் குருவானார். குருவான பின்னர் காலணி அணிவதை விட்டுவிட்டார். ஏழைகள் வெறுங்காலோடு நடக்கும் நாட்டிலே தாம் மட்டும் காலணியோடு நடப்பது தகாதென்று அவர் கருதினார். கன்னட நாட்டுக் கரையோரத்தில் 1681 முதல் சில ஆண்டுகள் பணிபுரிந்தார். கோவாவுக்குத் திரும்பி, 1685இல், சுதேசிக் குருமார் சிலர் சேர்ந்து நடத்திய ஒறட்டோரியன் சபையிலே இணைந்தார். ஆனால் அவருடைய மனம் முழுவதும் இலங்கையிலே இருந்தது.

அன்றைய இலங்கையின் நிலைமையை இங்கே சிறிது சொல்லவேண்டும். போர்த்துக்கேயர் 1628இல் எங்கள் புளியந்தீவிலே கோட்டை கட்டினர். பத்தே ஆண்டுகளில், 1638ஆம் ஆண்டு மே மாதம், கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனோடு கூடிவந்த ஒல்லாந்தர் அதைப் பிடித்தனர். இலங்கையிலே போர்த்துக்கேயர் ஒல்லாந்தருக்கு இழந்த முதற் கோட்டை மட்டக்களப்புக் கோட்டையே. பின்பு ஒவ்வொன்றாக வீழ்ந்து, 1658இல் யாழ்ப்பாணமும் வீழ்ந்தது. கத்தோலிக்கக் குருமார் வெளியேற்றப்பட்டனர். அவர்களை மறைத்து வைப்போர்க்கு மரணதண்டனை என்று ஒல்லாந்தர் அதே ஆண்டில் விளம்பரஞ் செய்தனர். கோவில்கள் சீர்திருத்தச் சபையின் கோவில்களாயின.

ஒல்லாந்தர் வாளை மட்டும் நம்பினார் என்று நினைத்தல் தவறு. அவர்கள் பள்ளிக்கூடத்தையும் நம்பினர். யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் காலியிலும் கோவிற்பற்றுத் தோறும் பாடசாலை வைத்தார்கள், உபாத்தியாயர்களை நியமித்தார்கள், பிறப்பையும் ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் பாடசாலைத் தோம்பிலே பதிவுசெய்தார்கள். வராத பிள்ளையின் பெற்றோர்க்குத் தண்டம் விதித்தார்கள். உத்தியோகமும் முதுசமும் வேண்டுவோர் தோம்பிலே பெயர் பதிந்தாகவேண்டும். இடாப்பும் தண்டமும் இவ்வளவு ஒழுங்காக நடந்த நிருவாகத்தை இன்றைய கல்வி அதிகாரிகள் கண்டால் பொறாமைப்படக்கூடும்!

இத்தகைய ஆட்சிக்குட்பட்ட தீவிலே, ஏறத்தாழ முப்பதாண்டுகளாக ஒரு குருவானவரேனும் நிலையாக இல்லாத காலத்தில், 1687ஆம் ஆண்டு, முப்பத்தாறு வயதுடைய வாஸ் தூத்துக்குடியிலிருந்து தோணி ஏறினார். குருவானவரின் உடையைக் களைந்து, கூலியாள் ஒருவனின் கந்தையை உடுத்திக்கொண்டார். யோவான் என்னும் பணியாள் ஒருவன் மட்டும் துணை. எந்த அரசனுடைய கடிதமும் அவரிடம் இல்லை. எந்தப் படையும் பின்னே வரவில்லை. தோணி புயலில் அகப்பட்டு மன்னாரை அடைந்தது. அங்கிருந்து யாழ்ப்பாணம் சேர்ந்தபோது அவருக்குக் கடும் வயிற்றுளைவு. நோய் பிறர்க்குந் தொற்றுமென அஞ்சி ஊருக்கு வெளியே விடப்பட்டார் என்றும், ஏழைப் பெண்ணொருத்தி கஞ்சி கொடுத்துக் காப்பாற்றினாள் என்றும் அவருடைய வரலாற்றை எழுதியோர் கூறுவர். அவளுடைய பெயரை எவரும் குறித்துவைக்கவில்லை.

உடல் தேறியதும் வீடுவீடாகப் பிச்சை கேட்டுச் சென்றார். கழுத்திலே செபமாலை ஒன்றை அணிந்திருந்தார். அதைக் கண்டு முகம் மாறுகிறவர் யார், கண் கலங்குகிறவர் யார் என்று பார்த்தார். மறைந்திருந்த கத்தோலிக்கரைக் கண்டறிய அவர் கையாண்ட வழி இதுவே. சில்லாலையிலே மக்கள் அவரை மறைத்து வைத்துக் காத்தனர். தமிழைக் கற்றுப் பேசினார். இரவிலே பூசை, விடியுமுன் வேறு வீடு.

1689ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு இரவிலே யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தர், மக்கள் கூடியிருந்த வீடுகளிற் புகுந்தனர். வாஸ் அகப்படவில்லை, கூடியிருந்தோர் அகப்பட்டனர். அவர்களிற் சிலர் கடுமையாக அடிக்கப்பட்டுச் சிறையிலிடப்பட்டனர். இந்த நிகழ்ச்சியை எழுதுவோர் பெரும்பாலும் அவர் தப்பியதையே அற்புதமாகச் சொல்வர். எனக்கோ, தப்பியவருடைய அடுத்த நாளைப் பற்றித்தான் எண்ணத் தோன்றுகிறது. தமக்குச் சோறிட்டவர்கள் தம் பொருட்டு அடிபடுகிறார்கள். தாமோ வெளியே இருக்கிறார். அம்மக்களோ அடிபட்ட பின்பும் அவரைக் காட்டிக்கொடுத்தாரில்லர். ஒரு திருச்சபையைத் தாங்குவது குருவானவர் அல்லர், இம்மக்களே என்பதை அன்றே அவர் கண்டிருக்கவேண்டும் என்பது என் எண்ணம்.

யாழ்ப்பாணத்திலிருந்து புத்தளத்துக்கும், 1692இல் கண்டிக்கும் சென்றார். அங்கே போர்த்துக்கேயரின் ஒற்றன் என்று குற்றஞ்சாட்டப்பட்டுச் சிறைப்பட்டார். சிறையிலே சிங்களம் பயின்றார். அப்பால் ஒரு கடும் வறட்சி வந்தது. மழை வேண்டிச் செபிக்குமாறு அரசன் கேட்க, அவர் வெளியிலே பலிபீடம் அமைத்து முழந்தாளிட்டார். மழை பொழிந்தது, பலிபீடமும் அவர் நின்ற இடமும் மட்டும் நனையவில்லை என்பது மரபு. நம்புவோர் நம்புக. அரசன் அவரை விடுதலை செய்து, தன் நாட்டிலே எங்கும் சென்று போதிக்க இடங்கொடுத்தான்.

அவ்வரசன் இரண்டாம் விமலதர்மசூரியன். 1687 முதல் 1707 வரை ஆண்ட இவன் நல்ல பௌத்தன். இலங்கையிலே உபசம்பதா பெற்ற பிக்குமார் அருகிப்போன காலத்தில், அரக்கான் தேசத்திலிருந்து பிக்குமாரை வருவித்து அம்மரபை 1697இல் மீட்டவன் இவனே. தன் சமயத்தை மீட்க இவ்வளவு பாடுபட்டவன், அடுத்த சமயத்துப் பிச்சைக்காரக் குரு ஒருவரைத் தன் தலைநகரில் வாழவும் விட்டான். இக்காலத்திலே இந்த இரண்டும் ஒருவனிடத்தில் எப்படி இருந்தன என்று வியப்போர் உளர். அக்காலத்தவர் வியந்ததாகத் தெரியவில்லை.

அதே 1697இல் கண்டியிலே அம்மை நோய் பரவிற்று. வசதியுள்ளோர் நகரைவிட்டு நீங்கினர். நோயுற்றோரைக் காட்டிலே கொண்டுபோய் விட்டனர் உறவினர். கொண்டுபோனவர் மீது பழிசொல்லவும் முடியாது, அந்நோயின் அச்சம் அத்தகையது. வாசும் அவருடைய உறவினரான யோசேப் கார்வாலோ என்னும் இளங்குருவும் நகரிலே தங்கினர். கைவிடப்பட்டோரை எடுத்துவந்து, ஆளற்ற வீடுகளிலே கிடத்தி, புண்களைக் கழுவி, கஞ்சி ஊட்டி, இறந்தோரைத் தம் கையாலே புதைத்தனர். இதிலே கத்தோலிக்கர் யார், பௌத்தர் யார் என்று அவர்கள் கேட்கவில்லை. மழை அற்புதத்தை நம்பாதவரும் இதனை மறுத்தற்கில்லை.

இனி அண்ணாவிமாரிடம் வருவோம். கண்டியை நடுவிடமாகக் கொண்டு வாஸ் தீவெங்கும் வெறுங்காலோடு நடந்தார். கீழ்க்கரையிலே திருகோணமலை, மட்டக்களப்புப் பகுதிகளுக்கும் அவர் வந்துசென்றதாகச் சரித்திரகாரர் கூறுவர். கோவாவிலிருந்து வந்துசேர்ந்த குருமாரோ விரல்விட்டு எண்ணத்தக்கவர். அவர் மறைந்தபோது இந்தத் தீவிலே எழுபதினாயிரம் கத்தோலிக்கரும், பதினைந்து கோவில்களும், நானூறு சிற்றாலயங்களும் இருந்தன என்று நூல்கள் கணக்குச் சொல்கின்றன. பள்ளிக்கூடத்து வாத்தியாரின் கணக்கொன்றை இதற்குப் போட்டுப் பாருங்கள். ஒரு குருவானவர் நாளைக்கு ஓர் ஆலயமாக நடந்தாலும் ஓராண்டுக்குள் நானூறை முடிக்க முடியாது. காடும் ஆறும் ஒல்லாந்தச் சேவகரும் இடையிலே நிற்கும்போது, ஓர் ஊர் ஆண்டுக்கு ஒருமுறை குருவானவரைக் கண்டால் அதுவே பெரும் பாக்கியம். எஞ்சிய நாட்களுக்கு என்ன செய்வது?

அவர் ஊர்தோறும் மூப்பர் ஒருவரையும் அண்ணாவி ஒருவரையும் வைத்தார். மூப்பர் ஆலயத்தின் காரியங்களைப் பார்ப்பார், அண்ணாவி கற்பிப்பார். இருவரும் அந்த ஊர்க்காரர். மீன்பிடிப்பவர் அல்லது கமஞ்செய்பவர். குருவானவர் வரும்வரை பொறுத்திருங்கள் என்று அவர் மக்களுக்குச் சொல்லவில்லை. குருவானவர் இல்லாமலே ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாகவும், பெரிய வெள்ளி பெரிய வெள்ளியாகவும் இருக்க வழிசெய்தார். குருவானவர் வந்தபோது பூசைக்கு எல்லாம் ஆயத்தமாயிருந்தன. அவர் போன பின்பு விளக்கு அணையவில்லை.

இதை நான் நூலிலே படிப்பதற்கு முன்னரே கண்ணாற் கண்டிருக்கிறேன். அப்போது அது இன்னதென்று எனக்கு விளங்கவில்லை.

யுத்த காலத்திலே, உத்தியோகத்துக்கு வந்த புதிதில், படுவான்கரைக் கிராமமொன்றின் சிறு பாடசாலைக்கு என்னை நியமித்தார்கள். நான் இருந்ததோ எழுவான்கரையிலே. அங்கு போவதற்கு வாவியைப் பாதையிலே கடக்கவேண்டும். பாதை என்று நாங்கள் சொல்வது வீதியை அன்று; ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிக் கரைக்குக் கரை செல்லும் மிதவையை. ஒருமுறை நிலைமை கெட்டுப் பாதை நின்றுவிட்டது. பல வாரங்கள் நாங்கள் ஆசிரியர் ஒருவரும் போக முடியவில்லை. பாடசாலை பாழடைந்து கிடக்குமென்றே எண்ணியிருந்தேன். பாதை ஓடத் தொடங்கிய அன்று போய்ப் பார்த்தால், மரநிழலிலே கீழ்வகுப்புப் பிள்ளைகள் வரிசையாக இருக்கிறார்கள். நடுவிலே அவ்வூர்க் கூத்து அண்ணாவியார். மணலிலே எழுத்து, வாய்ப்பாட்டுக்கு மத்தளம். "ஏழேழு நாற்பத்தொன்பது" என்பதைப் பிள்ளைகள் தருவுக்கு ஆடுவதுபோலத் தாளந் தவறாமற் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? நன்றி என்று ஒரு சொல் சொல்லவில்லை. பாடவிதானத்தில் இல்லாத முறையிலே பிள்ளைகளைப் பழக்கிவிட்டீர்களே என்று, என்னிலும் முப்பது வயது மூத்தவரிடம், பட்டதாரி என்ற மிடுக்கோடு சொன்னேன். அவர் மத்தளத்தை எடுத்துத் தோளிற் போட்டுக்கொண்டு, "தம்பி வந்திற்றீங்க, இனி எனக்கு வேலையில்லை" என்று சிரித்தபடியே போய்விட்டார். அந்தச் சிரிப்பு இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் என்னை விடவில்லை. அந்தத் தவணைப் பரீட்சையிலே கீழ்வகுப்புப் பிள்ளைகள் வாய்ப்பாட்டில் ஒருவரும் தவறவில்லை என்பதையும் இங்கே சொல்லியாகவேண்டும்.

வாஸ் செய்த இன்னொரு காரியம் மொழி பற்றியது. தாம் தமிழும் சிங்களமும் பயின்றதோடு நிற்கவில்லை. தம்மினும் ஆற்றலுடைய ஒருவரை அத்துறையில் விட்டார். 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் என்னும் குருவே அவர். தமிழ்க் கத்தோலிக்கர் அவரைச் சாங்கோபாங்க சுவாமிகள் என்று போற்றுவர். அவர் இரு மொழியிலும் நூல்கள் இயற்றினார். சிங்களக் கத்தோலிக்க இலக்கியத்துக்கு அவரே தந்தை என்பர். தமிழிலே அவர் செய்த வியாகுலப் பிரசங்கம் ஈழத்துக் கத்தோலிக்கர் தவக்காலத்திலே பெரும் உருக்கத்தோடு வாசித்துவந்த நூல். குருவானவர் வராத ஊரிலே அண்ணாவி கையில் எதைப் பிடித்துக்கொண்டு கற்பிப்பார் என்ற வினாவுக்கு இந்நூல்கள் விடையாயின. ஆசிரியரை நியமித்துவிட்டுப் புத்தகம் அனுப்ப மறந்துபோகும் வழக்கம் அக்காலத்தில் இல்லைப் போலும்!

பாப்பரசரின் பிரதிநிதியாக இந்தியாவுக்கு வந்த தூர்நோன் என்பார் வாசை ஆயராக்க விரும்பினார். வாஸ் உடன்படவில்லை. 1711ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் கண்டியிலே உயிர் நீத்தார். வயது அறுபதை எட்டவில்லை. இலங்கைக்கு வந்த பின் அவர் கோவாவுக்கு ஒருமுறையேனும் திரும்பிப் போகவில்லை.

அவர் மறைந்து சில பத்தாண்டுகளுக்குள், 1740களிலே, கண்டி அரசும் மாறிற்று, குருமார் வெளியேற்றப்பட்டனர், கோவில்கள் இடிக்கப்பட்டன. கரையோரத்திலே ஒல்லாந்தரின் தடையும் நீங்கவில்லை. கத்தோலிக்கர்க்கு எதிரான சட்டங்களை ஆங்கிலேய ஆட்சி நீக்கியது 1806ஆம் ஆண்டிலேதான். வாஸ் தோணியில் வந்திறங்கிய நாளிலிருந்து கணக்கிட்டால் ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகள். ஒல்லாந்தர் ஆட்சி 1796இல் முடிந்ததும், தோம்பிலே பெயர் பதிந்திருந்த சீர்திருத்தச் சபையார் இலட்சக்கணக்கிலே கலைந்து, அவரவர் பழைய சமயத்துக்குப் போய்விட்டனர். தண்டத்துக்காக வந்தவர்கள் தண்டம் இல்லாதபோது வரவில்லை. அண்ணாவிமாரிடம் படித்தவர்களோ இருந்த இடத்திலே இருந்தார்கள். ஒல்லாந்தர் பாடசாலைகளை இகழ்ந்து இதைச் சொல்லவில்லை. அவை பலருக்கு எழுத்தறிவித்தன. ஆயினும் காலையிலே இடாப்பைக் கையில் எடுக்கும்போது இந்தக் கதை சில வேளை என் நினைவுக்கு வந்து தொல்லை தருவதுண்டு.

கண்டியிலே வாசை அடக்கஞ்செய்த ஆலயம் இன்று இல்லை. கல்லறை இருந்த இடமும் அறியப்படவில்லை. புளியந்தீவிலே ஒல்லாந்தர் பிடித்த கோட்டை மட்டும், நெடுங்காலம் எங்கள் கச்சேரியாக இருந்து, இன்னும் வாவியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது.

அதே நகரிலே போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கியர் குடும்பங்கள் இருக்கின்றன. வீட்டிலே போர்த்துக்கேயக் கிளைமொழி பேசுவோர் அவருள் இன்னும் உளர். வெளியிலே எங்களைப்போலத் தமிழ் பேசுவர். மரவேலையும் இரும்புவேலையும் அவர்க்குக் கைவந்த தொழில்கள். என் சிறுவயதிலே எங்கள் ஒழுங்கையில் அத்தகைய குடும்பமொன்று இருந்தது. தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளிலே அயலிலுள்ள தமிழ்க் கத்தோலிக்கரும் அங்கே கூடுவர். குப்பி விளக்கைச் சுற்றிப் பெரியவர்கள் இருப்பார்கள். ஒருவர் வியாகுலப் பிரசங்கத்தை இழுத்து இழுத்து ராகத்தோடு வாசிப்பார், ஓரிடத்திலே அவருடைய குரல் உடைந்துவிடும், பெண்கள் விம்முவர். வேலியோரத்திலே நின்று கேட்டுக்கொண்டிருந்த என்னைப்போன்ற சைவப் பிள்ளைகளையும் எவரும் துரத்தவில்லை. வாசித்தவர் அங்கி தரித்த குருவானவர் அல்லர். எங்கள் வீட்டுக்குக் கதவு செய்து தந்த தச்சர் அவர்.